வெள்ளித் துகளும் பாரூர் மீனும்



மா பூத்துப் பிஞ்சு பிடிக்கும் காலம் இது. சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் விடிந்தால் தோப்புகளில் ஸ்பிரேயர் சத்தம். தத்துப்பூச்சி இறங்கிவிட்டால் பூங்கொத்து கருகிக் கொட்டிவிடும்; மருந்தடிக்காமல் விட யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. இதே பிப்ரவரியின் 28ஆம் தேதி பள்ளிகளில் தேசிய அறிவியல் தினம். சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, கடைசியில் ஆளுக்கொரு மிட்டாய். தோப்பில் கேட்கும் அந்தச் சத்தத்துக்கும் பள்ளியில் போடும் இந்த மாலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நமக்கு வரும் கடிதங்களில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சந்தையில் வாங்கிய மாம்பழம் மரத்தில் முற்றியதா, கல் வைத்துப் பழுக்க வைத்ததா? பாரூர் ஏரி மீன் என்று சொல்லி விற்கிறார்களே, அது இன்று காலை வலையில் விழுந்ததா, ஐஸில் நாலு நாள் கிடந்ததா? ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை பொங்குகிறது. அதே தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டு வழியாக நம் பாரூர் பெரிய ஏரிக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில் என்னதான் கலந்திருக்கிறது?

வேறு வேறு கவலைகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இதில் எந்த மூலக்கூறு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? இதற்கு விடை சொல்லும் வழிகளில் ஒன்று, நம் மண்ணில் பிறந்த இருவர் கண்டுபிடித்த ஒன்றின் மேல் கட்டப்பட்டது. அதன் பெயர், பரப்பில் பெருக்கிய ராமன் நிறமாலை. ஆய்வகங்களில் சுருக்கமாக ‘செர்ஸ்’ என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

கதை கல்கத்தா பவ்பஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் தொடங்குகிறது. திருச்சிக்காரர் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அங்கே ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வடிகட்டிய சூரிய ஒளியைத் திரவங்களுக்குள் செலுத்தினார்கள். சிதறி வெளியே வந்த ஒளியில் மிகப் பெரும்பகுதி உள்ளே போன நிறத்திலேயே வந்தது. மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வந்தது. ஏறத்தாழ 60 திரவங்களில் இதைப் பார்த்ததாக இருவரும் சேர்ந்து நேச்சர் இதழுக்கு எழுதிய சிறு கடிதம் 1928 மார்ச் 31 அன்று அச்சானது. 1930ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருஷ்ணன் பெயரை நம் பள்ளி விழாக்களில் சொல்லாமல் விடுகிறோம். இந்த ஆண்டு அவர் படத்தையும் பக்கத்தில் வைக்கலாம்.

நிறம் ஏன் மாறுகிறது? ஒரு மூலக்கூறில் அணுக்கள் பிணைப்புகளால் கட்டுண்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வந்து மோதும் ஒளி அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகும், அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு போகும். கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்பது ஒளியின் நிற மாற்றத்தில் பதிவாகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய விதத்தில் அதிர்கிறது. ஏரிக்கரையில் தூரத்தில் வருகிறவரின் முகம் தெரியாவிட்டாலும், நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அப்படித்தான். ராமன் நிறமாலை என்பது மூலக்கூறின் நடை.

சிக்கல் எங்கே என்றால், இப்படி நிறம் மாறி வரும் ஒளித்துகள் கோடியில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அன்றைய புகைப்படத் தகட்டில் அதைப் பிடிக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960ல் லேசர் வந்த பிறகு காத்திருப்பு குறைந்தது, குறை தீரவில்லை. சோதிக்கும் பொருள் தூய்மையாகவும் நிறையவும் இருந்தால்தான் விடை வரும். ஒரு சொட்டு ரத்தத்திலோ ஒரு துண்டு மீனிலோ இருக்கும் துளியூண்டு பொருளுக்கு ராமன் முறை எட்டாது என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

பெங்களூரில் தான் நிறுவிய ஆய்வு நிலையத்தில் கடைசி வரை உழைத்த ராமன் 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளீஷ்மன், பேட்ரிக் ஹென்ட்ரா, ஜேம்ஸ் மெக்குயில்லன் என்ற மூவர் ஒரு வெள்ளி மின்முனையை எடுத்து, மின்சாரத்தால் அதன் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதில் ஒட்டிய பிரிடின் என்ற சேர்மத்தின் ராமன் நிறமாலையை எடுத்தார்கள். எதிர்பாராத வலுவுடன் அது வந்தது. சொரசொரப்பானதால் பரப்பு கூடியிருக்கிறது, நிறைய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு வலு என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைன் அந்த விளக்கத்தோடு நிற்கவில்லை. பரப்பு கூடியதால் வரக்கூடிய வலு எவ்வளவு, உண்மையில் வந்தது எவ்வளவு என்று தன் மாணவர் டேவிட் ஜீன்மெயருடன் கணக்குப் போட்டார். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரை கணக்கில் இடித்தது. அத்தனை மூலக்கூறு அந்தப் பரப்பில் ஒட்ட இடமே இல்லை. அப்படியானால் ஒவ்வொரு மூலக்கூறின் குரலையுமே வெள்ளி பெரிதாக்கித் தருகிறது. 1977ல் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

வெள்ளி எப்படிப் பெரிதாக்குகிறது? வெள்ளியிலும் தங்கத்திலும் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. துகள் நானோ அளவில் சின்னதாக இருந்து, சரியான நிறத்து ஒளி பட்டால், எல்லா எலக்ட்ரான்களும் ஒரே தாளத்தில் இங்கும் அங்கும் அலைபாயும். அப்போது துகளின் விளிம்பில், குறிப்பாக இரண்டு துகள்கள் ஒட்டாமல் நெருங்கி நிற்கும் சந்தில், மின்புலம் குவிகிறது. அந்தச் சந்தில் மாட்டிய மூலக்கூறுக்குப் போகும் ஒளியும் கூடுகிறது, அதிலிருந்து வரும் ஒளியும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பெருக்கம் ஏறத்தாழ மின்புலத்தின் நான்காம் அடுக்காக வரும். புலம் 10 மடங்கானால் நிறமாலை 10,000 மடங்கு. புலம் 30 மடங்கானால் எட்டு லட்சம் மடங்குக்கும் மேல். 1997ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, ஒற்றை மூலக்கூறின் நிறமாலையையே பிடித்துக் காட்டின.

உயிர் மூலக்கூறுகளுக்கு இந்த முறை ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. உயிருள்ள எதையும் தண்ணீர் இல்லாமல் சோதிக்க முடியாது. அகச்சிவப்பு முறையில் தண்ணீரே ஒளியை விழுங்கி மற்றதை மறைத்துவிடும். ராமன் முறையில் தண்ணீரின் குரல் மெலிது. அது குறுக்கே வராது. அடுத்து, புரதம், ரத்தம், இலைச்சாறு போன்றவற்றில் லேசர் பட்டால் அவை ஒளிர ஆரம்பித்து ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். உலோகத் துகளோடு ஒட்டியிருக்கும்போது அந்த ஒளிர்வு அடங்கிப்போகிறது. மாதிரியும் ஒரு சொட்டு போதும்.

நிறமாலையில் எந்த இடத்தில் கோடு எழுகிறது என்பதை அலை எண்ணால் குறிப்பார்கள். ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் அதிர்ந்தால் 1,003 பக்கத்தில் கோடு வரும். புரதம் இருப்பதற்கு அது அடையாளம். டி.என்.ஏ.வில் இருக்கும் அடினின் 735 பக்கத்தில் கூர்மையாக எழும். அடினினும் அதன் உறவுக்காரச் சேர்மங்களும் வெள்ளியோடு நன்றாக ஒட்டிக்கொள்பவை என்பதால் செர்ஸில் அவற்றின் குரல் எப்போதும் ஓங்கியே கேட்கும்.

இனி நம் எல்லைக்கு வருவோம். ஓசூர் தாண்டினால் பெங்களூர். நகரின் வடக்கே ஜக்கூரில் இருக்கிறது ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். அங்கே உயிரியலாளர் தபஸ் குண்டுவும் இயற்பியலாளர் சந்திரபாஸ் நாராயணாவும் சேர்ந்து செய்த வேலை, செர்ஸ் முறையை உயிர் மூலக்கூறுகளுக்குப் பயன்படுத்தியதில் இந்தியாவின் நல்ல எடுத்துக்காட்டு.

நம் உடலின் மரபணு இழைகள் ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கின்றன. சுற்று இறுகியிருந்தால் மரபணு படிக்கப்படாது. பி300 என்ற பெரிய நொதி, ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு குழுவைச் சேர்த்துச் சுற்றைத் தளர்த்துகிறது. அந்த நொதி நிலைதவறினால் புற்றுநோய் உட்படப் பல கோளாறுகளுக்கு வழி பிறக்கும். அதனால் அதைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடினார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடியும், கையில் பட்டால் புண்ணாக்கிவிடும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது. அது பி300ஐத் தடுக்கிறது என்று 2003ல் குண்டுவின் குழு காட்டியது. அதே அமிலத்தை வேதிமாற்றம் செய்து உருவாக்கிய இன்னொரு மூலக்கூறு நேர்மாறாக நொதியைத் தூண்டியது.

தடுப்பதும் தூண்டுவதும் எப்படி? சிறு மூலக்கூறு போய் உட்கார்ந்ததும் நொதியின் வடிவம் மாறுகிறதா? கிடைத்த புரதமோ கொஞ்சம். அதை வெள்ளி நானோ துகள்களோடு சேர்த்துச் செர்ஸ் நிறமாலை எடுத்தார்கள். தூண்டும் மூலக்கூறு சேர்ந்ததும் கோடுகள் இடம் மாறின, சில வலுத்தன, சில மெலிந்தன. நொதியின் உடலமைப்பே மாறித்தான் வேகம் கூடுகிறது என்று 2007ல் எழுதினார்கள். ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதோடு, அது இன்னொன்றோடு சேரும்போது என்ன ஆகிறது என்றும் சொல்லக்கூடிய முறை இது என்பதை இந்த வேலை காட்டியது. பண்ணுருட்டிப் பக்கம் வெயிலில் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் பெண்களின் விரலைப் பொசுக்கும் எண்ணெய், ஜக்கூர் லேசருக்கு முன்னால் மருந்து ஆய்வுக்கு அடிப்படையானது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

சரி, பாரூர் மீனுக்கு வருவோம். நம் ஏரி சுமார் 2,400 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. கூடவே மீனும் தருகிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று பாரூரிலேயே இருக்கிறது. கட்லா, ரோகு, ஜிலேபி என்று தினமும் சந்தைக்குப் போகிற மீனை நம் பெண்கள் சோதிக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பார்கள், கண் குழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், சதையை அழுத்தி மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். அனுபவம் பழுத்த சோதனைதான்.

மீன் செத்த நொடியிலிருந்து அதன் தசையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. உயிரோடு இருந்தபோது தசைக்கு ஆற்றல் தந்த ஏ.டி.பி. என்ற மூலக்கூறு படிப்படியாகச் சிதைகிறது. இடையில் வரும் ஐ.எம்.பி. என்ற சேர்மம்தான் புது மீனுக்கு அந்தச் சுவையைக் கொடுக்கிறது. அதுவும் சிதைந்து இனோசின், பிறகு ஹைப்போசாந்தின் என்று போகும். ஹைப்போசாந்தின் கூடக் கூடச் சுவை கெட்டுக் கசப்பு ஏறும். இந்தச் சேர்மங்களின் விகிதத்தை வைத்து மீனின் புதுமையை எண்ணாகச் சொல்லும் வழக்கம் ஜப்பானில் 1950களிலேயே தொடங்கிவிட்டது. இங்கேதான் செர்ஸ் நுழைகிறது. ஹைப்போசாந்தின், முன்னே சொன்ன அடினினின் உறவுக்காரச் சேர்மம். வெள்ளியோடு ஒட்டி ஓங்கிக் குரல் கொடுக்கும் ரகம். மீன் சதையைக் கொஞ்சம் நீரில் கரைத்து, வெள்ளித் துகள் கலந்து, லேசர் காட்டி, அதன் அளவைச் சொல்லும் முயற்சிகளை ஆய்வகங்கள் செய்திருக்கின்றன. மீன் பண்ணைகளில் பூஞ்சைக்குப் போடக்கூடாது என்று தடை செய்யப்பட்ட மாலகைட் பச்சை என்ற சாயத்தையும் செர்ஸ் மிகக் குறைந்த அளவில் பிடித்துவிடும்.

பழத்துக்கும் சான்று உண்டு. சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தில் தியன் சோங்ச்சுன் குழு, தங்கத் துகளுக்கு மிக மெல்லிய சிலிக்கா உறை போட்டு, அந்தத் துகள்களை ஆரஞ்சுத் தோலின் மேல் தூவி, தோலில் ஒட்டியிருந்த பாரத்தியான் வகைப் பூச்சிமருந்தை அங்கேயே படித்துக் காட்டியது. 2010ல் நேச்சர் இதழில் வந்தது. தோலை அரைக்கவில்லை, வடிக்கவில்லை. ஆரஞ்சுத் தோலில் முடிந்தது நம் பெங்களூரா மாங்காய்த் தோலில் ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உணவோடும் இது நிற்கவில்லை. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மூச்சுக் காற்றிலிருந்து கொரோனாவைக் கண்டறியும் செர்ஸ் கருவியை உருவாக்கி ஐந்நூறு பேருக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள்.

இவ்வளவு முடியும் என்றால் இந்தக் கருவி ஏன் இன்னும் கிருஷ்ணகிரி மண்டியிலும் பால் சொசைட்டியிலும் வந்து நிற்கவில்லை? இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லாமல் வியப்பை மட்டும் உங்களுக்குத் தந்தால் அது பாதிக் கடிதம்தான்.

முதலில், எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. நம் பகுதியைத் தலைமுறைகளாக வாட்டுகிற ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தண்ணீரில் ஃபுளோரைடு தனித்த ஓர் அயனியாக இருக்கிறது. பிணைப்பு இல்லை, பிணைப்பு இல்லாததால் அதிர்வு இல்லை, அதிர்வு இல்லாததை ராமன் முறை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆர்செனிக் அப்படியல்ல, தண்ணீரில் அது ஆக்சிஜனோடு பிணைந்திருப்பதால் மாட்டிக்கொள்ளும். எது மாட்டும், எது மாட்டாது என்று தெரிந்துகொண்டு கேட்பது நம் பொறுப்பு.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. துகள்களின் சந்துகள் எல்லாமே ஒன்றுபோல் இருப்பதில்லை. 2008ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டானா டிலாட் குழு ஒரு வெள்ளிப் பரப்பில் இதை அளந்தது. பத்து லட்சம் மூலக்கூறுகளில் 63 மட்டும் மின்புலம் மிகுதியாகக் குவிந்த இடங்களில் இருந்தன. அந்த 63தான் மொத்த ஒளியில் 24 விழுக்காட்டைக் கொடுத்தன. அப்படியானால் நாம் அளக்கும் விடை, பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. யார் போய் அந்தச் சில இடங்களில் உட்கார்ந்தார்கள் என்பதையும் பொறுத்தது. துகள்கள் இன்று கொஞ்சம் நெருங்கி நாளை கொஞ்சம் விலகினால், ஒரே மீனுக்கு இரண்டு எண் வரும். ஐரோப்பாவில் 15 ஆய்வகங்கள் சேர்ந்து அடினின் என்ற ஒரே பொருளை ஒரே நெறிமுறைகளின்படி அளந்து பார்த்து 2020ல் முடிவுகளை வெளியிட்டன. செர்ஸுக்கு மிக வசமான பொருளே அடினின்தான். அதிலேயே, ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை விலகுவதைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் பெரிய வேலை என்று தெரிந்தது.

கலவையும் ஏமாற்றும். பாக்டீரியாவைச் செர்ஸில் பார்த்தவர்கள் பல ஆண்டுகள் அதன் உறைப் புரதங்களைப் பார்ப்பதாக எண்ணியிருந்தார்கள். பெரும்பாலும் தெரிந்தது, அது வெளியே விடுகிற அடினின், ஹைப்போசாந்தின் போன்ற சேர்மங்களே என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு பின்னர் காட்டியது. ஓங்கிக் குரல் கொடுப்பவர் ஒருவர் இருந்தால் மற்றவர் பேசுவது காதில் விழாது.

சவுத்தாம்ப்டன் ஃபிளீஷ்மனை நினைவிருக்கிறதா? அவரே 1989ல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, மேசை மேல் ஒரு குடுவையில் அணுக்கரு இணைவு நடந்ததாக அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது வரவில்லை. அந்த அறிவிப்பு விழுந்தது. 1974ன் வெள்ளி மின்முனையையும் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள்; வந்தது. முதலில் சொன்ன விளக்கம் தவறாக இருந்தும் கண்டுபிடிப்பு நின்றது. ஒரே மனிதரின் இரண்டு அறிவிப்புகளில் ஒன்றை நிற்க வைத்ததும் மற்றதை விழ வைத்ததும் ஒன்றுதான்: இன்னொருவர் செய்தாலும் வருகிறதா என்பது.

இதை ஆய்வகத்து விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பால் ஊற்றுகிற நம் வாசகிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே மாடு, ஒரே தீவனம், நேற்று எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பல்லாத திடப்பொருள்) ஒரு மாதிரி, இன்று வேறு மாதிரி என்று கருவி காட்டினால் குறைவது அவர்கள் கையில் வரும் காசு. நாளை மாங்கூழ் ஆலை வாசலில் ஒரு லேசர் கருவி வந்து, லோடு வண்டியைப் பார்த்து ‘மருந்து அதிகம், திருப்பி ஓட்டு’ என்று சொன்னால், அந்த விவசாயி எங்கே போய் முறையிடுவார்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும் என்றும், முடிவை எதிர்த்து மேல் ஆய்வகத்துக்குப் போகலாம் என்றும் இருக்கிறது. வாசலில் நிற்கும் வேகச் சோதனைக்கும் அதே நியாயம் வேண்டும். சந்தேகப்படுவதற்குச் செர்ஸ், தீர்ப்புக்கு ஆய்வகத்தின் முழுச் சோதனை. இந்தப் பிரிவினை எழுத்தில் இல்லாமல் எந்தக் கருவியும் நம் மண்டிக்குள் வரக்கூடாது என்பது என் கருத்து.

வரவே கூடாது என்று சொல்லவில்லை. சரியாக வர வேண்டும். அதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஏழ்மை ஒன்றும் இல்லை. நம் பகுதிக் கல்லூரிகளில் வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் துளசி, வேம்பு, ஆவாரை என்று ஏதாவது ஓர் இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட்டை விட்டு நானோ துகள் செய்வது இன்று வழக்கமான புராஜெக்ட். கரைசல் பழுப்பானதும், 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு தெரிந்ததும் அறிக்கை எழுதி முடித்துவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாமல் ஒரு படி மேலே போகலாம். அதே துகளைப் பத்து முறை செய்து, பத்து முறையும் ஒரே பொருளுக்கு ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதே நல்ல ஆய்வு. புதிய இலை தேடுவதை விடப் பழைய இலையில் ஒரே சீரான துகள் செய்யக் கற்பது கடினம். நாட்டுக்குத் தேவைப்படுவதும் அதுதான். பேராசிரியர்கள் மனம் வைத்தால், நிறமாலைக் கருவிக்குப் பெங்களூரோ சென்னையோ வேலூரோ போய் வருவது பெரிய காரியமில்லை.

தொழிலும் இங்கேயே இருக்கிறது. டிட்கோவும் டாடாவும் 1984ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகார ஆலையை நிறுவியபோது, சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் கண்ணுக்குத் தெரியாத பற்சக்கரங்களைக் கையாளக் கற்றார்கள். இன்று போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட்களில் மின்னணுவும் மின்வண்டியும் தயாராகின்றன. ஒரு லேசர், ஒரு வடிகட்டி, நிறம் பிரிக்கும் ஒரு கீற்றணி, ஓர் உணரி, அதைப் படிக்க ஒரு மென்பொருள்: கைக்கு அடக்கமான ராமன் கருவியின் உள்ளே இவ்வளவுதான். துல்லியமாக ஒன்றுபோல் ஆயிரம் செய்வது இந்த வட்டாரத்துக்குப் பழகிய தொழில். செர்ஸுக்குக் குறையாக இருப்பதும் அந்த ஒன்றுபோல் தன்மையே. ஆய்வகம் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆலை இந்தப் பக்கம், மீனும் மாவும் பாலும் நடுவில் நம்மிடம். மூன்றையும் பேச வைக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி.

முதலில் பேச வேண்டியது நாம் என்று நினைக்கிறேன். ராமன் தமிழர் என்று பெருமைப்பட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் பெயரில் இருக்கும் முறை நம் ஏரித் தண்ணீருக்கும் நம் தட்டு மீனுக்கும் எந்த அளவு வந்திருக்கிறது என்று கேட்கத்தான் பழக வேண்டும். கேட்கிறவர் இல்லாத இடத்துக்கு ஆய்வு தானாக நடந்து வராது. முந்திரி எண்ணெயைப் பற்றி ஜக்கூரில் ஒருவர் கேட்டார். அதற்கு விடை வந்தது. ஹைப்போசாந்தின் அளவைப் பற்றிப் பாரூரில் ஒருவர் கேட்டால் அதற்கும் வரும்.

ஆகவே இம்மாதம் முதல் ‘எந்த மூலக்கூறு?’ என்ற புதுப் பகுதியைத் தொடங்குகிறோம். கேள்வி அனுப்பும்போது மூன்று விவரம் எழுதுங்கள். சோதிக்க வேண்டிய பொருள் எது. அதில் நீங்கள் சந்தேகப்படுவது என்ன. விடை தெரிந்தால் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு என்ன. மூன்றாவதை மறக்காதீர்கள். மீனை வாங்குவதா விடுவதா, தோப்புக்கு மருந்தடித்துப் பறிக்க எத்தனை நாள் விடுவது, கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று முடிவு தெளிவாக இருந்தால்தான் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியும். செர்ஸ் பொருந்தும் கேள்வி என்றால் அதைச் செய்பவர்களிடம் கொண்டுபோவோம். பொருந்தாது என்றால், எந்தச் சோதனை பொருந்தும், அதை எங்கே செய்யலாம் என்று விசாரித்து எழுதுவோம். பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் தினத்தன்று பேச்சுப் போட்டிக்குப் பதிலாகப் பிள்ளைகளிடம் இந்த மூன்று வரிகளை எழுதச் சொல்லி மொத்தமாக அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. நல்ல கேள்விகளைப் பெயரோடு வெளியிடுவோம்.

உங்கள் கடிதங்களுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்